உஷார்! லயத்துக்குப் பின்னால் குழி தோண்டக் கூப்பிடுகிறார்களா?

"ஒரு லட்சம் போடுங்கம்மா. ஆறு மாசத்துல பத்தாத் திரும்பும்."

இப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால், தேத்தண்ணி கொடுங்கள். சல்லி கொடுக்காதீர்கள்.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். பயப்பட வேண்டிய விஷயம்தான் இது. பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கெசல்கமு ஓயாக் கரையில் இரவில் டோர்ச் வெளிச்சம் தெரியும், வோட்டர் பம்ப் சத்தம் கேட்கும். விடிந்து பார்த்தால் தேயிலைக்கு நடுவில் புது மண். ஆனால் அது என்ன தொழில், அதில் யார் சம்பாதிக்கிறார்கள், யார் மாட்டுகிறார்கள் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வாயைத் திறப்பதில்லை.

முதலில் தங்கம். 2025-இல் பவுண் விலை மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டியதும் எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். "மேக்கணக்கு ஓடையில தங்கம் இருக்கு, வெள்ளைக்காரன் காலத்துலயே தெரியும்" என்று ஒருவர் சொல்கிறார். கைபேசியில் யாரோ தட்டில் மண் அலசி மஞ்சள் துகள் எடுக்கும் வீடியோவைக் காட்டுகிறார்.

கேளுங்கள். இலங்கையில் இலாபத்துக்கு ஓடுகிற தங்கச் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. ஆற்று மணலில் தூசி போலத் தங்கம் தட்டுப்படலாம். அதை வைத்து ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிட முடியாது. அப்படியே இருந்தாலும் நிலத்தடிக் கனிமம் அரசுக்குச் சொந்தம். 1992-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டப்படி, புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட அந்த நோக்கத்தில் அள்ள முடியாது.

தங்கம் என்பது தூண்டில். உண்மையில் தோண்டுவது மாணிக்கக்கல்லுக்காக. அது இந்த மண்ணில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1855-இல் வெளிவந்த தன் நூலிலேயே, நுவரெலியாச் சமவெளியில் பழைய காலத்து மாணிக்கக் குழிகள் கிடப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். கல் இருப்பதுதான் ஆபத்தே. ஒன்றுமே கிடைக்காத இடமென்றால் ஒரு மாதத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். எப்போதோ யாருக்கோ ஒன்று கிடைக்கிற இடத்தில்தான் பத்து வருடம் தோண்டுவார்கள்.

ஒரு அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். பெயர் வெட்டி, ஈ.பி.எஃப். காசும் சேவைக்காலப் பணமும் கைக்கு வந்த மாதம். அந்த மாதத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். அது எப்படித்தான் அவர்களுக்குத் தெரியுமோ! மருமகனின் கூட்டாளி ஒருவன் வந்தான். "அத்தை, பேங்கில போட்டா என்ன கெடைக்கும்? நம்ம லயத்துக்குப் பின்னாலயே இல்லம் ஓடுது" என்றான். இல்லம் என்றால் கல் கிடைக்கிற சரளைப் படை. அந்த வார்த்தையை அவன் சொன்ன விதத்திலேயே அம்மா பாதி நம்பிவிட்டார்.

முதலில் பம்புக்கு வாடகை. பிறகு டீசல். பிறகு இரவில் இறங்குகிற நாலு பையன்களுக்குச் சாப்பாடு. பிறகு "மேல இருக்கிறவங்களைக் கவனிக்க". யார் அந்த மேலே இருக்கிறவர்கள் என்று அம்மா கேட்கவில்லை. ஈ.பி.எஃப். கரைந்ததும் தோடு அடகுக்குப் போனது. அதற்குப் பிறகு குழுக்கடன்.

ஒருநாள் கல் கிடைத்தது. உண்மையாகவே கிடைத்தது. பால் கலந்த மாதிரி மங்கலாக ஒன்று. பார்க்க வந்த தரகர் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாதுங்க, சும்மா போட்டுவைக்காம இருக்க ஏதோ தர்றேன்" என்று சில ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் பொலிஸ் வந்தது. மருமகனும் இரண்டு பையன்களும் சேற்றோடு பிடிபட்டார்கள். பம்ப் போனது. சாமான் எல்லாம் போனது. நீதிமன்றம், பிணை, தண்டப்பணம், வக்கீல் காசு. முதன்முதலில் வாசலுக்கு வந்த அந்தக் கூட்டாளி? அவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. தோட்ட நிர்வாகமும் மருமகனுக்கு வேலை கொடுக்க மறுத்தது. வந்த முதல் பெரிய மழையில் சமையலறைப் பின்சுவரில் கை நுழைகிற அளவு வெடிப்பு.

அந்தக் கடன் இன்னும் முடியவில்லை. அம்மா கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார், அந்த வயதில்.

அவர் ஏமாளி என்று நினைக்காதீர்கள். கணக்குத் தெரிந்தவர்தான். 2021-இல் ஆயிரம் ரூபாய், 2024-இல் 1350 ரூபாய் என்று நாட்சம்பளத்துக்காக எத்தனை கூட்டம், எத்தனை போராட்டம்! அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தவருக்குப் பத்து லட்சம் என்று காதில் விழுந்தால் மனம் ஆடாமல் என்ன செய்யும்?

ஆனால் அவரிடம் யாரும் ஒன்றைச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நிலம் உங்கள் பெயரில் இல்லை. அதனால் லைசன்ஸ் உங்கள் பெயரில் வராது. வழக்கு மட்டும் உங்கள் பெயரில் வரும்.

மாணிக்கக்கல் தோண்டுவது சட்டவிரோதமான தொழில் அல்ல. 1993-ஆம் ஆண்டின் 50-ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அதற்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. இரத்தினபுரியில் எத்தனையோ பேர் முறைப்படி வாங்கித் தோண்டுகிறார்கள். ஆனால் விண்ணப்பித்தவுடன் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நிலம் யாருடையது என்பதுதான். உறுதி வேண்டும், அல்லது உரிமையாளரின் சம்மதம் வேண்டும். தோண்டிய குழியை மூடுவதற்கு முன்கூட்டியே வைப்புப் பணம் கட்ட வேண்டும். பெக்கோ இறக்குவதென்றால் அதற்குத் தனி அனுமதி.

தோட்ட நிலம் யாருடையது? எழுபதுகளில் அரசு எடுத்தது. 1992-இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பிறகு நீண்டகாலக் குத்தகை. நிலம் இன்னும் அரசுடையது. நீங்கள் இருக்கிற லயத்துக்கே உங்களிடம் காகிதம் இல்லை. அதன் பின்னால் இருக்கிற மலைக்கு யார் காகிதம் கொடுப்பார்கள்? ஏழு பேர்ச் காணியில் புது வீடு கிடைத்தவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். அது குடியிருக்கக் கொடுத்த காணி. அதன் கொல்லையில் குழி வெட்டி, கிடைத்த வீட்டையும் இழந்துவிடாதீர்கள்.

"அனுமதி இருக்கு, முதலாளிகிட்ட இருக்கு" என்பார்கள்.

காட்டச் சொல்லுங்கள். கையில் வாங்கிப் படியுங்கள். எந்த மாவட்டம், எந்தக் காணி, எந்த ஆண்டு என்று பாருங்கள். இரத்தினபுரிக் காணிக்கு வாங்கிய அனுமதிப்பத்திரத்தின் போட்டோப் பிரதியை நோர்வூட்டில் காட்டினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் வந்தால் அதிகாரசபையிலேயே கேட்கலாம். கேட்கப் போகிறேன் என்று சொன்னதுமே அவர் முகம் மாறும், கவனியுங்கள்.

அந்தப் பால் நிறக் கல்லுக்கு வருவோம். அதைக் கெவுடா என்பார்கள். ஒரு காலத்தில் இலங்கையில் அதைக் கல்லாகவே மதிக்கவில்லை. எழுபதுகளில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போனார்கள், கிட்டத்தட்ட சும்மா. அங்கே உலையில் கடும் சூட்டில் வைத்தபோது அந்தப் பால் நிறம் போய் நல்ல நீலமாக மாறியது. உலகச் சந்தையில் நீல மாணிக்கமாக விற்றார்கள். தோண்டியவனுக்கு ஒன்றும் இல்லை. நாட்டுக்கே தெரியாமல் போன விலை, இரவில் டோர்ச் அடித்துப் பார்க்கிற பையனுக்கு எப்படித் தெரியும்? அனுமதி இல்லாமல் எடுத்த கல்லைப் பகிரங்கமாக நாலு பேரிடம் காட்டி விலை கேட்கவும் முடியாது. வந்த ஒரு தரகர் சொன்னதுதான் விலை. திருட்டுத்தனமாக எடுத்த பொருளுக்கு வாங்குகிறவன்தான் ராஜா.

"இரத்தினபுரியில கிணறு வெட்டினவருக்கு 500 கிலோ கல் கெடைச்சதே!" ஆமாம். 2021-இல் 510 கிலோ எடையுள்ள நீலக்கல் கொத்து ஒன்றைக் காட்டி, பத்துக் கோடி டொலர் பெறும் என்றார்கள். உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அந்த விலைக்கு அது விற்றது என்ற செய்தியை எங்கேயாவது படித்தீர்களா?

இன்னொரு இடத்தைச் சொல்ல வேண்டும். உங்களில் பல பேருக்கு அங்கே சொந்தம் இருக்கிறது.

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் கையெழுத்தானது. அதன்படி கப்பலேறிய எத்தனையோ குடும்பங்கள் நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தன. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி. தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் அதே கொழுந்து, அதே லயம். அந்த மலையில் தங்கம் இருக்கிறது. 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதற்காக லண்டனில் பைத்தியமே பிடித்தது. டஜன் கணக்கில் கம்பனிகள், 40 லட்சம் ஸ்டெர்லிங் பவுணுக்கு மேல் முதல். தேவாலாவிலும் பந்தலூரிலும் இயந்திரங்கள் வந்து இறங்கின. சில ஆண்டுகளில் எல்லாம் இழுத்து மூடப்பட்டது. பாறையில் இருந்த தங்கம் செலவுக்கே கட்டவில்லை. யார் சம்பாதித்தார்கள் தெரியுமா? நோய் விழுந்து நட்டத்தில் கிடந்த கோப்பித் தோட்டங்களைத் "தங்க பூமி" என்று சொல்லிக் கொள்ளை விலைக்கு அந்தக் கம்பனிகளின் தலையில் கட்டிய துரைமார். தங்கத்தைத் தோண்டியவனை விட, தங்கம் இருக்கிறது என்று சொன்னவனுக்குத்தான் இலாபம்.

கம்பனிகள் போய்விட்டன. குடைந்த சுரங்கங்கள் அப்படியே காட்டுக்குள் கிடக்கின்றன. இன்றும் தேவாலாப் பக்கம் ஆட்கள் திருட்டுத்தனமாக அதற்குள் இறங்குகிறார்கள். மண் சரிந்து செத்திருக்கிறார்கள். காற்று இல்லாமல் செத்திருக்கிறார்கள். எடுத்த கல்லைப் பொடித்து, பாதரசத்தில் கலந்து, அதை அடுப்பில் காய்ச்சுகிறார்கள். பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு போய் நரம்பைத் தின்னும். கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கிற பிள்ளையையும் விடாது. உலகத்தில் மனிதர்கள் காற்றில் கலக்கும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப்பட்ட சிறு தங்கத் தொழிலில் இருந்துதான் வருகிறது. கூடலூரில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசும்போது ஒருமுறை கேட்டுப் பாருங்கள், தங்கம் தோண்டிப் பணக்காரரான ஒரு தோட்டத் தொழிலாளியைத் தெரியுமா என்று.

இப்போது மலை.

2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை, மீரியபெத்தை. காலை நேரம். லயங்களின் மேல் மலை இறங்கியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. அங்கே அதற்கு மழையே போதுமானதாக இருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். நாட்டில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்து போனார்கள். அப்படிப்பட்ட சரிவின் அடிவாரத்தில், ஏற்கனவே ஊறிக் கிடக்கிற மண்ணில், பத்தடி இருபதடி குழி வெட்டி அதை மூடாமல் விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும்? மலையின் காலை வெட்டுகிறீர்கள். தண்ணீர் அந்தக் குழியில் தேங்கி மண்ணுக்குள் இறங்கும். மேலே இருப்பது உங்கள் லயம். அல்லது உங்கள் தங்கச்சியின் லயம்.

அள்ளிப் போட்ட சேறு எங்கே போகிறது? கெசல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு. கரன்டும் அதில், களனி கங்கை வழியாகக் கொழும்பு குடிக்கிற தண்ணீரும் அதில். அதனால்தான் பொலிசும் விசேட அதிரடிப்படையும் விடாமல் வருகிறார்கள். "இங்கெல்லாம் யாரும் வர மாட்டாங்க" என்ற பேச்சை நம்பாதீர்கள்.

மூடாத குழியில் மழைத்தண்ணீர் நின்றால் அதன் ஆழம் பிள்ளைகளுக்குத் தெரியாது. பந்து விழுந்தால் எடுக்க இறங்குவார்கள். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை. சேற்றில் வெட்டுக்காயத்தோடு நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் பனடோல் போட்டுப் படுக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், குழியில் வேலை செய்ததை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். பொலிசுக்குப் பயந்து அதை மறைத்தால் உயிர் போகும்.

எப்போது உஷாராக வேண்டும்?

வேலை இரவில் மட்டும் என்றால். அது ஒன்றே போதும், மற்றதைக் கேட்கவே வேண்டாம்.

"கூலி இல்லை, பங்கு மட்டும்" என்றால். முறையான குழிகளிலும் பங்கு முறை உண்டு. ஆனால் அங்கே யாருக்கு எவ்வளவு என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள், கல்லைக் கழுவும்போது எல்லோரும் நிற்பார்கள். இங்கே கழுவுகிற இடத்துக்கே உங்களை விட மாட்டார்கள்.

ஈ.பி.எஃப். எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொந்தக்காரர் அல்லாத ஒருவர் விசாரித்தால். கடன் எடுக்கும் குழுவிலேயே ஒருவர் "எல்லோரும் எடுத்து இதில் போடுவோம்" என்றால், உடனே எழுந்து வீட்டுக்குப் போங்கள்.

"அத்திவாரம் வெட்டும்போது தங்கக் கட்டி கெடைச்சுது, வெளிய விக்க முடியல, உனக்கு மலிவா தர்றேன்" என்று வந்தால். சுரண்டிக் கொடுக்கிற சிறு துண்டு நிஜத் தங்கம். நகைக்கடையில் உரசிப் பார்த்தாலும் தங்கம் என்றே சொல்வார்கள். காசு கொடுத்து வாங்குகிற கட்டி பித்தளை. இந்த ஏமாற்று மிகப் பழையது, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புது ஆள் மாட்டுகிறார்.

வெளிநாட்டுத் தங்கச் சுரங்கத்தில் பங்கு, கைபேசியில் காசு போட்டால் தினமும் இலாபம், நாலு பேரைச் சேர்த்தால் மேலும் இலாபம் என்றால். ஆள் சேர்த்துச் சம்பாதிக்கிற பிரமிட் முறை இலங்கையில் குற்றம். வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு. சேர்த்துவிட்ட நீங்களும் மாட்டுவீர்கள்; உங்களை நம்பிச் சேர்ந்த அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

வீட்டில் பெரிய பையன் இருக்கிறானா? அவன் காலைப் பாருங்கள். நகக்கண்ணில் காய்ந்த களிமண், பகலெல்லாம் தூக்கம், திடீரென்று புது போன், கேட்டால் கோபம். திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். திட்டினால் அன்றைக்கு இரவே போய்விடுவான்.

கடைசியாக ஒன்று. இதை மட்டும் உங்கள் பையன்களுக்கும் அவர்களுடைய கூட்டாளிகளுக்கும் மனப்பாடம் ஆகும்வரை சொல்லுங்கள்.

டீசல் பம்பைக் குழிக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக. அந்தப் புகையில் இருக்கிற நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. முதலில் தலை கனக்கும், பிறகு கால் சோரும், பிறகு ஆள் விழுவான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்குவான். அவனும் விழுவான். மூன்றாவது ஆளும் இறங்குவான், ஏனென்றால் கீழே கிடப்பது தம்பி.

இறங்காதீர்கள். பம்பை மேலே இருந்தே நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். கயிறு கட்டிக்கொண்டு போகிறேன் என்றாலும் யாரையும் உள்ளே விடாதீர்கள். மண் சரிந்து ஆள் புதைந்திருந்தால் குழியின் விளிம்பில் கூட்டமாக நிற்காதீர்கள், மிச்ச மண்ணும் இறங்கும். அம்புலன்ஸுக்கு 1990. அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. பொலிசுக்கு 119. வழக்கு வரும் என்று பயந்து அந்த அழைப்பைத் தள்ளிப் போடாதீர்கள். வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் போன் போடுங்கள்.